கோட்டுக்கு மேல் நின்ற தண்ணீர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் உன்னோடு பனிக்கடலுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் துறைமுகம் வந்து இறங்கிவிட்டீர்கள் என்று கப்பல் அலுவலகத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது, அதைக் கேட்ட பிறகுதான் உன் அம்மா இரண்டு மாதத்தில் முதல் முறையாகத் தட்டில் வைத்ததை முழுசாகச் சாப்பிட்டாள். நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் நலம். அம்மாவுக்கு இடது முழங்கால் மறுபடியும் பிடித்துக்கொண்டது, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டுகிறாள், படியை நான்தான் கட்டினேன் என்பதுபோல. உன் தம்பி ரொட்டிக் கடை வேலையை விட்டுவிட்டு மருந்து வண்டி ஓட்டப் போகிறான், போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்கிறான், குரல் அப்படிச் சொல்லவில்லை. நீ ஒரு தடவை அவனோடு பேசு, நான் சொன்னதாகச் சொல்லாதே. உனக்கு விரல் நுனி மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது உணர்ச்சி வந்துவிட்டதா, டாக்டரிடம் காட்டினாயா, இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொள் என்று அம்மா சொன்னதற்கு அப்புறம் பென்சில் பிடிக்க முடியாதும்மா என்று சிரித்தாயாம், சிரிக்கிற விஷயம் இல்லை அது.

கப்பலிலிருந்து நீ இரண்டு முறை கூப்பிட்டாய், இரண்டு முறையும் இங்கே எல்லாரும் நல்லாயிருக்கோம் என்று சொன்னேன். அது பொய். பிள்ளைகளை ரப்பர் படகில் ஏற்றிப் பனிப்பாளங்களுக்கு நடுவே கூட்டிப்போகிற நேரத்தில் உன் கவனம் சிதறக் கூடாது என்று அம்மா சொன்னாள், நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் உண்மை அது மட்டும் இல்லை, எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. போனில் சொன்னால் நீ கேள்வி கேட்பாய், நான் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கியிருப்பேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நின்றுகொண்டு படிக்காதே பாப்பா, எங்கேயாவது உட்கார்ந்து படி.

நம் தெருத் தையல்காரம்மா இறந்துவிட்டார். ஐந்து வாரம் ஆகிறது. கடல் தண்ணீர் தெருவுக்குள் வந்த அன்று, பகலில், தன் கடைக்குள்ளேயே. அவர் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் கப்பலில் இலவச இடம் கிடைத்து உன்னோடு பனிக்கடலுக்கு வந்தாளே, அதே பிள்ளைதான்.

அவளை அனுப்ப அந்த அம்மாவுக்கு மனசே இல்லை என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. புருஷன் இல்லாமல் ஒற்றை மெஷினில் வளர்த்த பிள்ளை. நான்தான் இரண்டு நாள் அவர் கடைக்கு நடந்தேன், என் பொண்ணு பாத்துக்குவா, ஒரு துளி குளிர் படாம கொண்டாந்து விடுவா என்று சொன்னேன். அப்புறம் நீ அனுப்பிய அளவுகளை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் குளிர் உடுப்பே தைத்திராத கை, மூன்று அடுக்கு வைத்து உள்கோட்டு தைத்தது. முதல் கோட்டில் கை மடங்கவில்லை, பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சோளக்கொல்லை பொம்மை மாதிரி நின்றாள், தெருவே சிரித்தது, அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே பிரித்து மறுபடி தைத்தார். திரும்பி வந்த பிறகு அந்தப் பிள்ளை ஆளே மாறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினாள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு மாணவர்கள் பனிச்சுவரைத் தொட்டுக்கொண்டு நின்ற அதே பாறையில் இவள் நிற்கிறாள், பனிச்சுவர் பின்னால் எங்கேயோ ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தெருமுனை முடிதிருத்தகத்துக்காரர் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பேர் வைத்துவிட்டார். அவள் கடை முன்னால் போனால், ஐஸ்கட்டி வருது, எல்லாரும் பேண்ட்டை மடிச்சு விட்டுக்குங்க என்பார். அவளும் சிரித்துக்கொண்டுதான் போவாள்.

ஒரு நாள் என் பம்ப் நிலையத்துக்கே வந்தாள், ஒரு பையில் ஐஸ், இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு கூழாங்கல். இரண்டிலும் விளிம்பு வரை தண்ணீர். ஒன்றில் ஐஸ் மிதக்கிறது, இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கிற கல்லின் மேல் ஐஸ். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம், நான் கால்வாய் மதகின் ஷட்டர் சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டே பார்த்தேன். மிதந்த ஐஸ் கரைந்து போனது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கல்மேல் இருந்தது கரைந்து டம்ளர் வழிந்து என் மேசையெல்லாம் ஈரம். கடல்ல மெதக்குறது உருகுனா மட்டம் ஏறாது பெரியப்பா, தரை மேல இருக்கிறது உருகி வந்தாத்தான் ஏறும், தண்ணி சூடானாலும் இடம் கூட எடுத்துக்கும், நம்ம ஊர்ல மண்ணு வேற கீழ இறங்குது, எல்லாத்தையும் பனி மேலயே போட்டுறக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகள் அவ்வளவு தூரத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கால்வாய் மேல் இருக்கிற நடைபாலத்தின் கம்பியில் ஒரு அளவுகோல் கட்டி வைக்கட்டுமா என்று கேட்டாள். நானே மட்டக்குழாய் எடுத்துக்கொண்டு போய், நிலையத்து அளவுப் பலகைக்கும் அவள் கோலுக்கும் ஒரு இம்மி வித்தியாசம் இல்லாமல் கட்டிக்கொடுத்தேன். அதனால் அவள் எழுதிய எண்கள் சரியானவை என்பது எனக்கு எப்போதும் தெரியும். இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நிலையத்துப் பலகையில் இருநூற்று நாற்பது சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு, நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டினால் பதிவேட்டில் எழுத வேண்டும், அலுவலகத்துக்குச் சிவப்புச் சீட்டு போக வேண்டும், தெருவுக்கு மின்சாரச் சங்கு ஊத வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் மூன்று சீட்டு அனுப்பினேன். பொறியாளர் நேரில் வந்தார், சத்தம் போடவில்லை, தோளில் கை வைத்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் மேல நான் விளக்கம் எழுத வேண்டியிருக்கு, நாலு விரல் அஞ்சு விரல் கூட வந்தா அது அலை ஆட்டம்தான், கோட்டுக்கு மேல போனா கோடுன்னே எழுதிடுங்க என்றார். எழுதினேன். முதல் முறை எழுதியபோது கை கூசியது. அப்புறம் கூசவில்லை. நான்கு வருஷம் எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்தப் பிள்ளை ஒரே வருஷத்தில் பதினேழு முறை தண்ணீர் கோட்டைத் தாண்டியதாக எழுதி வைத்திருந்தாள், மணி, காற்று எந்தப் பக்கம், மழை உண்டா இல்லையா எல்லாம் பென்சிலில். பேனா வேண்டாமா என்று கேட்டதற்கு, குளிரில் மை உறைந்து போகும், அங்கே பழகினது அப்படியே வந்துவிட்டது என்றாள். கப்பலில் நாலாவது நாள் கருவியைப் பார்க்காமலே குத்துமதிப்பாக ஒரு வெப்பநிலையை எழுதிவிட்டாளாம், நீ அந்தப் பக்கத்தையே கிழிக்கச் சொல்லாமல், தப்பு என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தாயாம். அதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பதினேழையும் வைத்து அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு மனு எழுதினார்கள், கால்வாய்க் கரைச் சுவரை உயர்த்த வேண்டும், சங்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும், தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிற கடைகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, நிலையப் பதிவேட்டின்படி கடந்த நான்கு ஆண்டுகளில் நீர்மட்டம் ஒரு முறையும் அபாயக் கோட்டைத் தாண்டவில்லை, ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது என்று. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். சண்டை போடவில்லை பாப்பா, சண்டை போட்டிருந்தால்கூட நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். பெரியப்பா, இது நீங்க எழுதினதா என்று மட்டும் கேட்டாள். ஆமா என்றேன். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி பெரியப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு நிலையத்துக்கு வரவில்லை, நடைபாலத்தில் வந்து தன் கோலைப் படித்துவிட்டுப் போவாள். நான் ஜன்னலைச் சாத்தி வைக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு மாலையே பொறியாளருக்கு மேலே இருக்கிற அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் கையில் ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரத்தில் சுவர் எழும்பியிருக்காது, ஆனால் சங்கையாவது திறந்து பார்த்திருப்பார்கள்.

அன்று கடல் ஏற்றம் பத்தே முக்காலுக்கு. காலையிலிருந்தே காற்று கடல் பக்கமிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. நான்கு ஷட்டரையும் இறக்கிவிட்டேன், ஒரு பம்ப் ஓடியது, இன்னொன்று பழுதுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பத்து மணிக்கே தண்ணீர் கோட்டைத் தாண்டிவிட்டது, எனக்குப் பழக்கமாகிவிட்டதால் பதறவில்லை, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பத்து இருபதுக்கு ஷட்டர் தலைக்கு மேலாக ஒரு விரல் கனத்தில் தண்ணீர் சரிந்து உள்ளே விழ ஆரம்பித்தது. சங்கு ஊத அலுவலக அனுமதி வேண்டும், போன் போட்டேன், கிடைக்கவில்லை, மறுபடி போட்டேன். பதினொரு நிமிஷம் அந்தப் போனோடு நின்றேன். அப்புறம் அனுமதி இல்லாமலே விசையை அழுத்தினேன், சங்கு உறுமியது, ஒரு தும்மல்போல ஒரு சத்தம், அவ்வளவுதான், மோட்டார் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. நான்கு வருஷம் ஊதத் தேவையில்லை என்று எழுதி வைத்த சங்கு எப்படி ஊதும். தெருவுக்கு ஓடினேன், கத்திக்கொண்டே ஓடினேன், முழங்கால் தண்ணீர், அப்புறம் தொடை.

தையல்கடை தெருவிலிருந்து இரண்டு படி கீழே, கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு, உனக்குத் தெரியும். அந்த அம்மா தண்ணீரைப் பார்த்ததும் தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகளை இரண்டு மூட்டையாக மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டார், போங்கக்கா போதும், மேலேயே இருங்க என்று மாடி வீட்டுப் பெண் கையைப் பிடித்திருக்கிறாள், மெஷின் தலைய மட்டும் கழட்டிட்டு வந்துடுறேன் என்று இறங்கிப் போயிருக்கிறார். அதற்குள் கால்வாய்ச் சுவர் ஒரு இடத்தில் உடைந்தது, தண்ணீர் மொத்தமாக வந்தது, கதவை வெளியிலிருந்து அடைத்துவிட்டது. நானும் முடிதிருத்தகத்துக்காரரும் போய்ச் சேர்ந்தபோது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கேட்டேன். கதவு அசையவில்லை, ஜன்னல் கம்பியை வளைக்கக் கடப்பாரை தேடினோம், அவர் தன் கடை நாற்காலியின் இரும்புக் காலைக் கழற்றிக்கொண்டு வந்தார். கம்பி வளைந்தபோது தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. வெளியே எடுத்தபோது அவர் உள்ளங்கையில் தையல் கத்திரி அழுந்திய தடம் இருந்தது, அதை வைத்துத்தான் கதவைத் தட்டியிருக்கிறார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், யாராவது உன்னிடம் அது ஒரு நொடியில் முடிந்துவிட்டது என்று சொல்வார்கள், நம்பாதே.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தார்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் கடைக்குள் போனாள், யார் தடுத்தும் கேட்கவில்லை. சுவரில் சேறு நின்ற கோடு இருந்தது, தன் தலைக்கு மேலே. ஸ்டூல் போட்டு ஏறி அளவு நாடாவை எடுத்து, அது அவள் அம்மாவின் நாடா, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, தேதியும் மணியும் எண்ணும் சுவரில் பென்சிலால் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. முடிதிருத்தகத்துக்காரர் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் மனைவி எனக்குக் கேட்கும்படியாகவே, உங்க பொண்ணு எங்கியோ கூட்டிட்டுப் போயி இந்தப் பிள்ளைய கல்லாக்கி அனுப்பிட்டா என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் பாப்பா, மறைக்கவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. தாயைப் பறிகொடுத்த மறுநாள் நாடாவை எடுக்கிற கையை நீ ஏன் உண்டாக்கினாய் என்று இரண்டு வாரம் மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். உன் அம்மாதான் ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அவ எழுதினதுல உங்களுக்கு என்ன கோபம், நீங்க எழுதாததுல இல்ல வரணும் என்றாள். அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை விசாரணை. பள்ளிக்கூடக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். முதல் நாளே பொறியாளர் வந்து, எதிர்பாராத பெரிய அலைன்னு மட்டும் சொல்லுங்க, உங்களுக்கு இன்னும் ஏழு மாசந்தான் சர்வீஸ் என்று சொல்லிவிட்டுப் போனார், அதே தோள், அதே கை. பிள்ளை தன் நோட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். விசாரணை அதிகாரி மோசமான ஆள் இல்லை, மென்மையாகத்தான் கேட்டார், பாப்பா இது பள்ளிக்கூட நோட்டு, நிலையத்துப் பதிவேட்டுல அப்படி ஒண்ணுமே இல்லையே என்று. ஆமா சார், அதுல இல்ல என்றாள். என்னைக் கைகாட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை, போய் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து, பதிவேடு பொய், எழுதினது நான், அந்த நோட்டுல இருக்கிறதுதான் நிஜம், அவ கோலை மட்டம் பார்த்துக் கட்டினதும் நான்தான் என்றேன். யார் சொல்லி எழுதினேன் என்பதையும் சொன்னேன்.  திங்கட்கிழமையிலிருந்து என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வழக்கும் வரும் என்கிறார்கள். அதற்காக நீ வருத்தப்படாதே, அது எனக்கு வர வேண்டியது, தாமதமாக வந்தது என்பதுதான் குறை. அன்றைக்குச் சொன்னதால் மனசு லேசாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஒன்றும் லேசாகவில்லை. அந்தத் தட்டுகிற சத்தம் சாப்பிடும்போதுகூடக் கேட்கிறது.

நீ உன் கப்பல் வேலையை விட்டுவிடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். இவ்வளவு எண்ணெயை எரித்துக் கப்பல் ஓட்டி, உருகுகிற பனியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே ஒரு கேலிக்கூத்தாக இருக்கிறது, பாதிப் பேர் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்று. இருக்கலாம், உன் கப்பலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தப் பிள்ளை பனியைப் பார்த்துவிட்டு வந்ததால் அவள் அம்மா பிழைக்கவில்லை, அது நிஜம். அவள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள், பக்கத்திலேயே உட்கார்ந்து நான் மாற்றி எழுதினேன், அதுவும் நிஜம். இந்த இரண்டையும் வைத்து நீ என்ன முடிவு செய்கிறாயோ செய். ஆனால் விடுவதாக இருந்தால் வெட்கத்துக்காக விடாதே, வெட்கப்பட இந்தக் குடும்பத்தில் இப்போதைக்கு நான் ஒருவன் போதும். அவள் இப்போது சித்தியோடு தெருமுக்கு வீட்டு மாடியில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், பேசுவது குறைந்துவிட்டது, கடல் ஏற்ற நேரத்துக்கு மட்டும் நடைபாலத்துக்கு வந்து நிற்கிறாள். நான் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுகிறாள், மரியாதையாகத்தான் விடுகிறாள். பெரியப்பா என்று கூப்பிடுவதில்லை.

குளிரும் பனியும் கடலும் உன்னை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும், உன் கையும் காலும் கண்ணும் நலமாக இருக்க வேண்டும், உன்னை நம்பிக் கப்பல் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் தாயிடம் திரும்ப வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். விரலை டாக்டரிடம் காட்டு, தம்பியோடு பேசு. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் விடுமுறையில் வரும்போது பெட்டியோடு நேரே நம் வீட்டுக்கு வராதே. முதலில் முக்கு வீட்டு மாடிக்குப் போ, அவள் எதிரே உட்கார், அவள் பேசும்வரை உட்கார்ந்திரு. நான் செய்ததைக் குறைத்துச் சொல்லாதே, எனக்காக அவளிடம் எதுவும் கேட்காதே. அதற்கப்புறம் வீட்டுக்கு வா. என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை வருகிற வழியில் நீயே முடிவு செய்துகொள், எதுவானாலும் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அப்பா